மாமாவுக்கு ஒரு மூட்டைப் பொடி

"மாப்பிள்ளை, அந்தப் பொடி தீர்ந்துடுத்து. இன்னும் அஞ்சு கிலோ அனுப்புங்கோ."

வருங்கால மாமனார் ஜகந்நாதன் போனில் கேட்டதும் அஷ்வத் காலண்டரைப் பார்த்தான். போன வாரம் அவன் கொடுத்தது நூறு கிராம் டப்பா.

செம்பூரில் அவன் வேலை பார்க்கும் கம்பெனி மூலிகைப் பொடி தயாரிக்கிறது. வெயிலிலும் நெரிசலிலும் வாடிப்போகும் பிராய்லர் கோழிகள் நன்றாகத் தின்று எடை போடுவதற்காகத் தீவனத்தில் கலக்கும் பொடி. மாட்டுங்காவில் பெண் பார்க்கப் போனபோது "ஆயுர்வேத ஆராய்ச்சி" என்று மட்டும் சொல்லிவைத்தான். முட்டை போட்ட கேக்கை வாசலோடு திருப்பி அனுப்புகிற வீடு அது. மாமா பாங்கில் ரிட்டையரானவர். வாரம் தவறாமல் ஊருக்கு வெளியே கர்ஜத்துக்குத் தியானம் செய்யப் போகிறவர். அவரிடம் கோழி என்று எப்படிச் சொல்வது? ஷ்ருதியைப் பார்த்த பத்தாவது நிமிஷமே, கட்டினால் இவளைத்தான் என்று முடிவாகிவிட்டிருந்தது. அவளிடமும் சொல்லவில்லை.

"எதுக்கு மருந்து?" என்று மாமா அன்றைக்கே குடைந்தார்.

"மன அழுத்தத்துக்கு, மாமா. நன்னா பசிக்கும்."

"ஒரு சாம்பிள் குடுங்கோளேன்."

பையிலிருந்த டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டுக் கொடுத்தான். அங்கேதான் பிடித்தது சனி.

இப்போது அஞ்சு கிலோ! மனுஷர் சாதத்துக்குப் பதில் இதையே தின்கிறாரா?

"மாமா, ஒரு சிட்டிகைக்கு மேல..."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். தண்ணியில கலக்கலாமா?"

"கலக்கலாம்."

"வெயில்ல வாயைத் திறந்துண்டு மூச்சு வாங்கறது நிக்குமோ?"

பாவம், இதயக் கோளாறு போலிருக்கிறது. அஷ்வத் கடைக்கு ஓடினான். அவர் உயிருக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்று, முருங்கைக்கீரைப் பொடியை அஞ்சு கிலோ வாங்கி அனுப்பிவைத்தான்.

மூன்றே நாளில் போன் வந்தது.

"இது வேற சரக்கு, மாப்பிள்ளை. எடை அப்படியே நின்னுடுத்து. ஆறு வாரத்துல ரெண்டு கிலோ தாண்டணும். பழசே வேணும், மூட்டையா வேணும். ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம், ஞாபகம் இருக்கோல்லியோ?"

இருந்தது. அதனால்தான் சனிக்கிழமை காலை அவன் டெம்போவில் உட்கார்ந்திருந்தான். மூட்டையில் ஆளுயரச் சேவல் படம். அதைப் பழைய பெட்ஷீட்டால் சுற்றி, நாலு இடத்தில் கயிறு கட்டியிருந்தான். டெம்போ தாராவி செல்வத்துடையது. கூப்பிட்டவர்களுக்கெல்லாம் வாடகைக்கு ஓட்டுகிறவர்.

"அண்ணே, அங்க வந்து வாயே திறக்காதீங்க."

"நான் என்னத்த சார் பேசப்போறேன்?"

டெம்போ நின்றதும் மாமா ஓடிவந்தார். அத்தனை பொடி தின்றும் குச்சி மாதிரிதான் இருந்தார். முதல் மாடி பால்கனியில் அகிலாண்டம் மாமியும் ஷ்ருதியும் நின்றார்கள். அஷ்வத் மூட்டையை இழுத்தான். டெம்போவின் கொக்கியில் பெட்ஷீட் மாட்டி, பர்ரென்று கிழிந்தது. சிவப்புக் கொண்டையோடு சேவல் வெளியே வந்தது.

மாமி மேலிருந்தே எழுத்துக்கூட்டிப் படித்தாள். "பிராய்லர் கோழிகளுக்கு மட்டும்... ஏண்டாப்பா, எங்காத்துக்காரருக்குக் கோழித் தீவனத்தையா குடுத்துண்டிருந்தே?"

"மாமி, அது வந்து..."

"நாளைக்கு ஒருத்தரும் வர வேண்டாம்னு உங்காத்துல சொல்லிடு."

ஷ்ருதி அவனை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அஷ்வத் நடுத்தெருவில் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அழுகை வந்தது, அடக்கவும் தோன்றவில்லை. இரண்டு வார்த்தை உண்மையைச் சொல்லியிருக்கலாம். இனி யாரிடம் சொல்ல?

மாமா மட்டும் திட்டவே இல்லை. தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் அவனுக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

செல்வம் இறங்கிவந்து மாமாவை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, நீங்களா சார்? போன வாரம் கர்ஜத்துல உங்க பண்ணையில கோழி ஏத்தும்போதே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மூட்டைய நேரா அங்கனயே எறக்கிருப்பனே."