சந்திரம்மாளுக்கு ஒரு கட்டைவிரல்

"ரெண்டு கோடும் நீலமாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"யாராவது ஏதாவது சொல்லியிருக்காங்களா?"

"ஒண்ணியும் காணோம்" என்றார் கணவர் அப்பாவு, போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே.

சந்திரம்மாள் டீச்சர் தோசைக்கரண்டியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோடு நீலமாகாமல் இருந்திருந்தால் யாரும் பார்க்கவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். குரூப்பில் இருக்கிற அத்தனை பேரும் அவள் வீடியோவைப் பார்த்தாயிற்று. பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள் என்பதுதான் வலித்தது.

எல்லாம் தலைமை ஆசிரியர் இராமச்சந்திரன் ஆரம்பித்து வைத்தது. வடக்குப்பட்டுப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களையும் சுற்றுவட்டாரத்து ஆசிரியர்களையும் சேர்த்து வாட்ஸப்பில் ஒரு குரூப் தொடங்கியிருந்தார். "ஆளுக்கு ஒரு பாடத்தை ரெண்டு நிமிஷ வீடியோவா எடுத்துப் போடுங்க. மத்தவங்க பார்த்துக் கருத்து சொல்லட்டும். பசங்க மட்டும் வளர்ந்தா போதுமா, நாமும் வளர வேணாமா?" என்று கேட்டிருந்தார்.

சந்திரம்மாள் வீட்டில் இருந்த ஒரே பெரிய போன் அப்பாவுவுடையது. டீச்சர் அதைத் தொடமாட்டாள். தொட்டால் ஏதாவது அழிந்துபோகும் என்று பயம். ஆகவே படம் பிடிப்பது, அனுப்புவது, நீலக் கோடு பார்ப்பது எல்லாமே கணவர் பொறுப்பு.

தெற்கேயிருந்து புதிதாக வந்திருந்த மணிகண்டபிரபு சாரின் வீடியோவுக்குக் கட்டைவிரல் படமாகக் குவிகிறது என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு. டீச்சருடைய வீடியோவைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

"ஒரே ஒரு கட்டைவிரல் வந்தாலும் போதுங்க" என்றாள் கணவரிடம். "வரலைன்னா ஜூன்ல அஞ்சாம் வகுப்பை அந்தத் தம்பிகிட்டயே குடுத்துடப் போறேன். எனக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியலைன்னுதானே அர்த்தம்?"

அப்பாவுவுக்குத் துக்கமாக இருந்தது. ஐந்தாம் வகுப்பு இல்லாத சந்திராவை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"நான் வேணா ஒரு கட்டைவிரல் போட்டுடட்டுமா?"

"நீங்க இன்னா டீச்சரா?"

அத்தோடு அந்த யோசனை முடிந்தது. ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை. "தப்பு உன்மேல இல்ல சந்திரா. தோசைய வெட்டி வெட்டிப் பின்னம் காமிச்சியா, பாத்தவங்களுக்குப் பசி வந்துருக்கும். அதான் எழுந்து போயிட்டாங்க. அடுத்ததுல பட்டுப்புடவ கட்டு."

கட்டினாள். கழுத்தில் ஆரமும் ஏறியது. யாரோ கல்யாணத்துக்குப் போகிற வழியில் இறங்கிப் பின்னத்தைக் கூட்டிவிட்டுப் போவதுபோல் இருந்தது வீடியோ. கோடு நீலமாயிற்று. வேறொன்றும் நடக்கவில்லை.

"கொஞ்சம் ஜோக்கு சொல்லு" என்றார் அப்பாவு. சொன்னாள். படம் பிடித்தவருக்கே சிரிப்பு தாங்காமல் கை ஆடி, பாதி வீடியோவில் டீச்சரின் மோவாய் மட்டும் பாடம் நடத்தியது. அதற்கும் நீலக் கோடுதான்.

கடைசியில் அவளே யோசித்தாள். வாழ்க்கையில் நடக்கிற கணக்காக இருக்கட்டும். மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைத் தட்டிக் காட்டினாள். "இந்தத் தொட்டியில் முக்கால் பங்கு தண்ணீர் இருக்கிறது. ஆளுக்கு எட்டில் ஒரு பங்கு எடுத்துக் குளித்தால் எத்தனை பேர் குளிக்கலாம்?"

குரூப்பில் யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் சாயங்காலம் அப்பாவு மாடியிலிருந்து ஆச்சரியத்தோடு இறங்கி வந்தார்.

"சந்திரா, காலையில இருந்து மோட்டாரே போடல. தொட்டியில இன்னும் தண்ணி கீது!"

வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள், ஒரகடம் கம்பெனிகளில் கான்ட்ராக்டில் இருப்பவர்கள். மோட்டாரை மூன்று வேளை போட்டாலும் தண்ணீர் போதாது என்று சத்தம் போடுகிற கூட்டம். கொஞ்ச நாளாக அந்தச் சத்தமே இல்லை. பாட்டு வைப்பதில்லை. இசக்கி என்கிற பையன் டீச்சரைக் கண்டதும் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டு ஓரமாக நிற்கிறான்.

"கம்பெனியில இன்னாவோ கணக்கு டெஸ்டு வெக்கிறானாம். பாஸ் பண்ணாதான் ஆபரேட்டரா எடுப்பானாம். அந்தப் பயத்துல அடங்கிக் கீறானுங்க" என்றார் அப்பாவு. டீச்சருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை நேராகத் தலைமை ஆசிரியர் முன்னால் போய் நின்றாள்.

"சார், அடுத்த வருஷம் அஞ்சாம் வகுப்பை மணிகண்டபிரபு சாருக்கே குடுத்துடுங்க."

இராமச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் டீச்சர்? உடம்புக்கு ஏதாவது?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல சார். நாலு வீடியோ போட்டேன். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலை."

"எந்த வீடியோ? நீங்க இன்னும் ஒண்ணுகூடப் போடலையே! வருத்தப்படுவீங்களேன்னு நானும் கேக்காம இருக்கேன்."

சாயங்காலம் அப்பாவு போனை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார். கண்ணாடியும் போட்டுக்கொண்டார். தலைமை ஆசிரியர் தன் குரூப்புக்கு வல்லக்கோட்டை முருகன் படம் வைத்திருந்தார். அப்பாவுவும் தன் குரூப்புக்கு அதே முருகனைத்தான் வைத்திருந்தார். படத்தைப் பார்த்து முதல் வீடியோவை அனுப்பியவர், அடுத்தடுத்ததை அதற்குக் கீழேயே அனுப்பிக்கொண்டு வந்திருக்கிறார்.

"இது நம்ம ரூம் பசங்க குரூப்பு ஆச்சே" என்றார் ஈனஸ்வரத்தில். "மாசம் பொறந்தா வாடக கேக்குறதுக்கு வெச்சது."

சந்திரம்மாளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. நாள் முழுக்கக் கம்பெனி லைனில் நின்றுவிட்டு வந்து படுக்கிற பிள்ளைகளுக்குப் பட்டுப்புடவையில் பின்னம்! ஜோக்கு வேறு! வீட்டுக்கார அம்மா அனுப்பியது, பார்க்காவிட்டால் ரூமைக் காலி பண்ணச் சொல்வார்களோ என்று பயந்து பார்த்திருப்பார்கள். குளிக்காமல்கூடக் கிடந்திருக்கிறார்களே, பாவம்.

"நான் போய் மன்னிப்பு கேட்டுட்டு வந்துடறேன்."

"நானும் வரேன், இரு. அனுப்புனவன் நான்தானே?" என்று அப்பாவு சட்டையை மாட்டிக்கொண்டார்.

பையன்கள் எல்லாரும் ஒரே ரூமில்தான் இருந்தார்கள். டீச்சரைக் கண்டதும் போனைக் கீழே வைத்துவிட்டுத் திடுதிப்பென்று எழுந்து நின்றார்கள்.

"தம்பிங்களா, அந்த வீடியோவெல்லாம் எங்க வாத்தியாருங்களுக்கு அனுப்பினது. தெரியாம உங்களுக்கு வந்துடுச்சு. தூக்கத்தைக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்குங்க, இனிமே வராது."

பையன்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். நேருக்கு நேர் நின்றும் அதே மௌனம். இதற்குமேல் எந்த வகுப்பையும் கேட்கக் கூடாது என்று சந்திரம்மாள் நினைத்துக்கொண்டாள்.

"திட்டணும்னா திட்டிடுங்கப்பா. ஏதாவது ஒரு வார்த்தை பேசுங்க" என்றாள்.

கடைசியில் நின்ற பிச்சையா மெதுவாக வலது கையைத் தூக்கினான். மீசை முளைத்த அந்த ஆள், பெஞ்சு மேல் நிற்கிற பிள்ளை மாதிரி நின்றான்.

"என்னப்பா?"

"டீச்சர், பாடம் முடியுத வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது, சந்தேகத்த எல்லாம் கடைசியிலதான் கேக்கணும்னு மொத வீடியோவுலயே கண்டிச்சுச் சொல்லிட்டிய... முடிஞ்சிட்டுதுன்னா, இப்பம் கேக்கலாமா?"