உங்கள் தம்பி மைக் இல்லாமல் கட்டியது

அன்புள்ள ராஜலட்சுமி அண்ணிக்கு,

சேரப்பணஞ்சேரியிலிருந்து குழலி எழுதுவது. இந்த அகால நேரத்தில் மெயில் அனுப்புவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பகலில் உங்கள் ஃபேக்டரி லைனில் ஃபோன் எடுக்க விடமாட்டார்கள். ராத்திரி பேசினால் இந்த ஒற்றை ரூம் வீட்டில் உங்கள் தம்பி காதில் விழும். இங்கு நான், குழந்தை பகலவன், உங்கள் தம்பி மூவரும் நலம். அதிலும் உங்கள் தம்பி ரொம்ப நலம். பென்னலூரில் எல்லோரும் சௌக்கியமா?

உங்கள் தம்பி கம்ப்யூட்டரில் ரெடிமேடாக எதையும் போடமாட்டார் என்பது உங்களுக்கே தெரியும். ஊர் உலகமெல்லாம் ஒரு பட்டனை அழுத்தி இறக்கிக்கொள்கிற பிரவுசரை, அவர் மூல நிரலாக இறக்கி, வீட்டிலேயே கம்பைல் செய்து, ஓடுகிற புரோகிராமாகக் கட்டி எடுத்தால்தான் கையால் தொடுவார். இப்படி எல்லாவற்றையும் கட்டியே ஓட்டுகிற ஒரு சிஸ்டம் வைத்திருக்கிறார், அதையே என் பழைய லேப்டாப்பிலும் ஏற்றிவிட்டார். அது பாவம், ஒரு பிரவுசரைக் கட்டவே இரண்டு நாள் முனகும். அதனால் அவருடைய பெரிய மிஷின் எல்லாவற்றையும் கட்டித் தயார் பேக்கேஜாக அடுக்கி வைக்கும், என் லேப்டாப் வைஃபை வழியாக எடுத்துப் போட்டுக்கொள்ளும் என்று ஏற்பாடு. "நீ ஒண்ணும் கஷ்டப்பட வேணாம், நான் கட்றத அப்படியே வாங்கிக்கோ" என்றார். பெண் பார்க்க வந்த அன்றும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார், நானும் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். பெரிய மிஷின் ஓடினால் ரூம் கொதிக்கிறது, பகலவனுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. மிஷின் மேல் போட்டால் அவன் ஜட்டி சீக்கிரம் காய்கிறதாம், அதையும் ஒரு வசதியாகச் சொல்லிக்கொள்கிறார்.

முதல் தடவை அப்படி வாங்கிய பிரவுசரைத் திறந்தேன். ஒரு மின்னல் மின்னி மூடிக்கொண்டது. கேட்டால், "என் ப்ராசஸருக்குன்னு டைட்டா கட்டிட்டேன், உன்னுது பழசாச்சே, அதுக்கு இது இன்னான்னே புரியாது" என்று ஏதோ லேப்டாப்பை நான் பெற்ற மாதிரி பேசினார். பிறகு பெரிய மனது பண்ணி, இரண்டு மிஷினுக்கும் பொதுவாகக் கட்டினார். அப்பாடா என்று நான் வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். வல்லக்கோட்டை ரோட்டில் ஒரு பார்ட்ஸ் கம்பெனி, ஸ்டோர்ஸ் கணக்கு, வீட்டிலிருந்தே பார்க்கலாம். பி.காம். படித்துவிட்டு, பகலவன் பிறக்கும்வரை வேலை பார்த்த எனக்கு இதைவிடத் தோதாக ஒன்று அமையாது அண்ணி. வீடியோவில் இன்டர்வியூ. கணக்கு போடுவதை ஸ்கிரீனில் காட்ட வேண்டும், ஆகவே ஃபோன் உதவாது. புடவை கட்டி, பகலவனை மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு அம்மாவும் ஒரு சாரும் வந்தார்கள். வாயை அசைத்தார்கள். நானும் அசைத்தேன். அவர் காதைத் தொட்டுக் காட்டினார், நானும் என் காதைத் தொட்டுக் காட்டினேன். கடைசியில் அந்த அம்மா கையாட்ட, பகலவன் மட்டும் சந்தோஷமாகத் திருப்பிக் கையாட்டினான். இன்டர்வியூ முடிந்தது.

ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் கேட்டேன்.

"ஆமா, சவுண்டு, மைக் ரெண்டையும் எடுத்துட்டுத்தான் கட்டினேன். வேண்டாத சரக்கு எதுக்கு?"

"யாருக்கு வேண்டாம்?"

"நான் கம்ப்யூட்டர்ல யார்கிட்டயும் பேசறதே இல்லியே, குழலி."

அண்ணி, சமையல் அலமாரியையும் இவர் தன் உயரத்துக்குத்தான் அடித்தார். நான் ஸ்டூல் போட்டுத்தான் பருப்பு எடுக்கிறேன். மைக் சேர்த்துக் கட்டித் தாருங்கள் என்றால், அடுத்த மாத அப்டேட்டில் பார்க்கலாம், இன்னா அவசரம் என்கிறார். நானே மாற்றிக்கொள்கிறேன் என்றதும் சிரித்துக்கொண்டே பாஸ்வேர்டு அடித்துக் கொடுத்தார். என் லேப்டாப் செட்டிங்கில் மைக் வேண்டும் என்று எழுதினேன். உடனே அது, பெரிய மிஷினின் பேக்கேஜ் இதற்குப் பொருந்தாது, நானே கட்டிக்கொள்கிறேன் என்று ரோஷமாகக் கிளம்பியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ராத்திரி முழுக்கக் கத்தி, சூடேறி, விடியும்போது அணைந்துவிட்டது. "சொன்னா கேட்டியா?" என்றார். உங்கள் தம்பி கெட்டவர் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டம், கெட்டவராக இருந்தால் கத்தியாவது தீர்த்துக்கொள்வேன்.

கம்பெனிக்காரர்கள் இரக்கப்பட்டு வருகிற திங்கள் காலை இன்னொரு வாய்ப்பு தந்திருக்கிறார்கள். இதுவும் போனால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்களாம். உங்கள் வீட்டிலும் இதே சிஸ்டம்தானே ஓடுகிறது? நீங்கள் மைக்கோடு கட்டி வைத்திருக்கும் பிரவுசர் பேக்கேஜையும், கூடவே சவுண்டுக்கு வேண்டியதையும் எனக்குக் கொடுங்கள். பழைய லேப்டாப்பிலும் ஓடும்படி பொதுவாகக் கட்டியதாக இருக்கட்டும், பட்டுத் தெரிந்துகொண்டேன். உங்கள் தம்பிக்குத் தெரிய வேண்டாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்குப் பகலவனின் எச்சில் முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
ஏலவார்குழலி

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள். தண்ணீர் குடிக்க எழுந்தவர் என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டார். கோபப்படவில்லை, சிரித்தார். "அக்கா எங்க கட்டுது? அதுக்கும் இங்கேர்ந்துதான் போவுது. மாசா மாசம் பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போய் நான்தான் போட்டுட்டு வரேன்." பென்டிரைவோடு அவர் அங்கே வருவது நீங்கள் கட்டியதை எடுத்து வரத்தான் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்! "அப்போ அண்ணிக்கும் மைக் கிடையாதா?" என்றேன். "அக்கா கேக்கவே இல்லியே" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்து, இதோ குறட்டையும் விடுகிறார்.

ஏன் அண்ணி, நீங்கள் கேட்கவில்லை?

போகட்டும். நேரிலேயே வந்துவிடுகிறேன் என்று கம்பெனிக்கு இப்போதுதான் எழுதிப் போட்டேன். திங்கள் உங்களுக்கு வார லீவு என்று ஞாபகம். அன்று காலை பகலவனை உங்களிடம் விட்டுவிட்டுப் போகலாமா? சீக்கிரம் பதில் போடுங்கள்.