முதலாளியின் கறியை நான் தின்ற கதை

பஸ்மினா ராத்தா, நீ மௌத்தான பிறகுதான் இதை எழுதத் துணிந்தேன். நீ இருந்திருந்தால் இன்னும் இரண்டு மடங்கு கூட்டிச் சொல்லி என் மானத்தை வாங்கியிருப்பாய்.

நான் ஓ லெவல் வரைக்கும்கூடப் போகவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழி படித்தது யூடியூபில், கண்ணாடி வெடித்த போனில். நாலு வீடியோ பார்த்ததும் எங்கள் ஊர் கலேவெலயில் எனக்கு மேல் ஆளில்லை என்ற நினைப்பு. (நடையே மாறிவிட்டது என்றால் பாருங்கள்.)

ராத்தா, என் கூடப்பிறந்த அக்கா, வீட்டில் சமைத்து சோற்றுப் பார்சல் கொடுத்து வந்தாள். டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடை முதலாளி, தனக்கும் கடை ஆட்களுக்கும் ஒரு நாள் கொண்டுவரச் சொன்னார். பிடித்தால் தினமும் எடுப்பாராம். இரண்டு பிள்ளைகளோடு தனியாக நின்ற ராத்தாவுக்கு அது பெரிய விஷயம்.

யார் யாருக்கு உறைப்பு எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் கேட்டோம். மூன்று என்றால் கண்ணில் தண்ணீர் வரும். பூச்சியம் என்றால் உறைப்பே வேண்டாம். பதில் தராதவர்களுக்குப் பார்சல் இல்லை. பேப்பரில் எழுதினால் போதும் என்றாள் ராத்தா. நான் விடுவேனா? போனில் பெயரும் எண்ணுமாக ஒரு பட்டியல், அதாவது ஆப்ஜெக்ட், செய்து, எண் உள்ளவர்களை மட்டும் பொறுக்கி எடு என்று பில்டர் எழுதினேன். போனைப் பார்த்து நான் பெயர் வாசிக்க, அவள் கட்டினாள்.

கடைசியில் சின்னச் சட்டியில் மிளகாய் போடாத வெள்ளைக் கோழிக்கறி மிஞ்சியது.

"இது யாருக்குடா? உறைப்பு வேணாம்னு யாரோ போட்டிருந்தாங்களே."

"போன்ல இல்ல ராத்தா. மிஷின் பிழை விடாது."

"அப்ப நீ தின்னு. காலையில இருந்து வெறும் வயித்தோட நிக்கிற."

தின்றேன். சட்டியை வழித்துத் தின்றேன்.

கடையில் எல்லோருக்கும் கொடுத்து முடித்தோம். முதலாளி கையைக் கழுவிவிட்டு, ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடி தன் பார்சலுக்கு நின்றார். அவருக்கு கேஸ்ட்ரிக், உறைப்பு வயிற்றுக்கு ஆகாது. பூச்சியம் போட்ட ஒரே ஆள் அவர்தான்.

அப்போதுதான் விளங்கியது. எண் இருக்கிறதா என்று நான் கேட்ட விதத்தில், ஜாவாஸ்கிரிப்டுக்குப் பூச்சியமும் ஒன்றுதான், பதிலே இல்லாததும் ஒன்றுதான். இரண்டையும் தள்ளிவிடும். பதில் இல்லாததை மட்டும் தள்ளு, பூச்சியத்தை வைத்துக்கொள் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். சாப்பாடு சொன்ன மனிதரையே நான் தள்ளியிருக்கிறேன். (தள்ளியதோடு விட்டேனா? அவருடைய கோழிக்கால் என் வயிற்றில்.)

பார்சல் வழியில் விழுந்துவிட்டது என்று ஏதோ உளறினேன். ராத்தா என்னை ஓரமாகத் தள்ளினாள்.

"முதலாளி, உண்மையச் சொல்றேன். உங்கட சாப்பாட்ட இவன் தின்னுட்டான். கொஞ்சம் பொறுங்க, சமைச்சுக் கொண்டாறேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த வாயெல்லாம் நின்றது. தினச் சாப்பாடு போய்விட்டது என்றே நினைத்தேன். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கறி எப்படிடா?"

"நல்லம், முதலாளி."

"அப்ப நாளையில இருந்து கொண்டாங்க மகள். வாறதுக்கு முந்தி இவனுக்குச் சோறு குடுத்துட்டு வாங்க."

வீடு திரும்பும்போது த்ரீவீல் ஆட்டோவில் திட்டு விழும் என்று ஒடுங்கி உட்கார்ந்தேன். விழவில்லை. அடுத்த நாள் காலை, அதே போனை என் கையில் தந்து, "திருத்திட்டியா? வாசி" என்றாள். இன்றைக்கு இந்த ஜாவாஸ்கிரிப்ட் வேலையில்தான் நான் சாப்பிடுகிறேன். அன்றைக்கு அவள் போனைப் பறித்து வைத்திருந்தால், நான் திரும்ப அதைத் தொட்டிருக்க மாட்டேன்.

சட்டியில் எது மிஞ்சினாலும் ராத்தாவின் பிள்ளைகள் இன்னமும் "மாமாட மிஷின்ல கேளுங்க" என்கிறார்கள். முதலாளி என்னைக் கண்டால், "தின்னுட்டியா? அப்ப எனக்கில்ல" என்பார். ராத்தாவை அடக்கிய ஜனாஸா அன்றைக்கும் வந்தார். என் தோளைப் பிடித்து, "தின்னியா மகன்?" என்றார். மிச்சத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

இதை வாசிக்கிற எல்லோரும் என் ராத்தாவுக்காக ஒரு துஆ கேளுங்கள். அவளுடைய கப்ரை அல்லாஹ் வெளிச்சமாக்கி வைக்கட்டும்.