தீவுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

இந்த வருஷம் லீவு முடிகிறவரை காதில் விசில் சத்தமே விழக்கூடாது என்று லிஃப்ட்காரர் சபதம் எடுத்தார். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் எடுத்தார். வெளியே மனைவி இருந்தாள்.

அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எந்தக் கட்டடத்தில் எவர் நடுவழியில் மாட்டிக்கொண்டாலும் அவருக்குத்தான் ஃபோன். அதுவும் அவர் சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கிற நேரமாகப் பார்த்து மாட்டிக்கொள்வார்கள். வருஷத்துக்கு ஒரே ஒரு வாரம் லீவு. அந்த வாரமாகப் பார்த்து மச்சான் வருகிறார் என்றால் மனுஷன் என்னதான் செய்வார்?

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத்தான் ஓய்வு, அவர் விசிலுக்கு இல்லை. அது இன்னும் கழுத்தில்தான் தொங்குகிறது. போன தடவை ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர் ஒன்றரை மாதம் இருந்தார். விடிவதற்கு முன்னால் விசில். லிஃப்ட்காரர் அரை டிராயரோடு தெருவைச் சுற்றி ஓட வேண்டும். எதிர்வீட்டுக்காரர் பால்கனியில் காபி குடித்தபடி கை தட்டுவார். அப்போது மச்சான் ஒளித்துவைத்த சர்க்கரை டப்பா எங்கே என்று லிஃப்ட்காரருக்கு இன்றுவரை தெரியாது.

“நாளைக்கு ராத்திரி அண்ணன் வருதுங்க” என்று மனைவி சொன்னாள். “அடடே, ரொம்ப சந்தோஷம்” என்று சொல்லிவிட்டுத்தான் குளியலறைக்குப் போனார்.

வெளியே வரும்போது திட்டம் தயார். கரையிலிருந்து ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில் ஒரு குட்டித் தீவு இருக்கிறது. மாடிக் கட்டடம் கிடையாது, ஆகவே லிஃப்ட் கிடையாது. ஃபோனில் சிக்னலும் கிடையாது. தெருமுனைக்குப் போய்ப் படகுத்துறைக்கு ஃபோன் போட்டார். டிக்கெட் கொடுக்கிற பெண் கேட்டதற்கு மேலேயே சொன்னாள்.

“தண்ணி கையோட கொண்டு போயிருங்க சார். தொப்பி எடுத்துக்கங்க. அங்க கார்டு செல்லாது, ரொக்கம் வேணும். திரும்பி வர்ற கடைசிப் படகு நாலரைக்கு. முன்னாடியே வந்து நின்னுக்கங்க, யாருக்காகவும் நிக்காது. விட்டுட்டீங்கன்னா அங்கேயே தங்கவேண்டியதுதான். காத்து கிளம்பிச் சிவப்புக் கொடி ஏத்திட்டாங்கன்னா நாலஞ்சு நாளைக்குப் படகே வராது சார்.”

மற்றவர்களுக்கு அது எச்சரிக்கை. லிஃப்ட்காரருக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பூட்டின வீட்டைப் பார்த்தால் மச்சான் எத்தனை நாள் வாசலில் நிற்பார்?

வீட்டில் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குக் காலைல தீவுக்குப் போய்ட்டு வரலாமா?”

கத்தி நின்றது. “அண்ணன் வருதே?”

“மச்சான் எட்டு மணி பஸ்ஸுக்குத்தானே வர்றாரு? நாம அதுக்குள்ள வந்துரலாம்.”

“கடைசிப் படகு எத்தனை மணிக்கு?”

“ஆறு மணிக்கு” என்றார். கண் இமைக்கவில்லை.

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். “சரிங்க” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதற்கும் அவள் ஒரே வார்த்தையில் சரி என்றதில்லை. அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். சீட்டியடித்துக்கொண்டு தொப்பி தேடப் போனார்.

காலையில் பையைத் தூக்கினார். தோள்பட்டை இறங்கிவிடும்போல் இருந்தது.

“ஒரு நாளைக்கு எதுக்கும்மா இவ்ளோ கனம்? உள்ள என்ன, லிஃப்ட் மோட்டாரா?”

“தீவுக்குப் போறோம். அங்க என்ன, தெருவுக்குத் தெரு கடையா இருக்கு? பேசாமத் தூக்குங்க.”

பேசாமல் தூக்கினார்.

தீவு நன்றாகத்தான் இருந்தது. ஒரு விடுதி, ஒரு சாப்பாட்டுக் கடை, குன்றின்மேல் ஒரு கலங்கரை விளக்கம். மற்றபடி மணலும் மரமும்தான். ஆனால் அவரால் எதையும் ரசிக்க முடியவில்லை. சாப்பிடும்போதும் கடிகாரம், கடலில் கால் நனைக்கும்போதும் கடிகாரம். மதியத்துக்கு மேல் காற்று லேசாகக் கிளம்பியது. மரக்கிளை ஒவ்வொன்றாக அசைய அசைய அவர் மனசு குளிர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இவளைத் துறைப் பக்கம் விடாமல் பிடித்து வைத்தால் போதும்.

நாலு மணி இருக்கும். அவள் எழுந்து புடவையிலிருந்த மணலைத் தட்டினாள். “வாங்க, துறைப் பக்கம் போவோம்.”

அவருக்குப் பகீரென்றது. “ஆறு மணிக்குத்தானே படகு?”

“சும்மா நடந்துட்டு வருவோம்.”

அவள் முன்னால் நடந்தாள். அவர் பின்தங்கிக் குனிந்து, சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற சின்னக் குறடால் தன் செருப்பு வாரை ஒரே நறுக்காக நறுக்கினார். “ஐயையோ, செருப்பு அறுந்துபோச்சு! வெறுங்கால்ல இந்தச் சூட்டுல எப்படி நடக்கிறது? இங்கேயே உட்காருவோம்.”

அவள் திரும்பி வந்தாள். பையைத் திறந்து அவருடைய இன்னொரு ஜோடிச் செருப்பை எடுத்துப் போட்டாள். “மாட்டிக்கிட்டு வாங்க.”

நூறடி போனதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பையிலிருந்து மாத்திரை வந்தது. விழுங்க ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் வந்தது. தலை சுற்றுகிறது, வெயில் தாங்கவில்லை என்றார். குடை வந்தது. பையில் கையை விட்டால் அவர் சொல்லாத நோய்க்குக்கூட மருந்து இருக்கும்போல் தெரிந்தது. ஒரு நாள் பயணத்துக்கு இரண்டாவது செருப்பு எதற்கு என்று அப்போதாவது அவர் யோசித்தாரா? எப்படி யோசிப்பார், கடலில் படகு தெரிந்துவிட்டதே!

“என்னங்க, முகமெல்லாம் வேர்க்குது?”

“ஒண்ணுமில்ல, காத்து.”

“காத்து அடிச்சா வேர்க்குமா?”

காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார். துறைக்கு வந்தபோது படகு கரையைத் தொட்டிருந்தது. வந்தவர்கள் ஒரு பக்கம் இறங்க, போகிறவர்கள் ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருந்தார்கள். துறைக்காரர் சிவப்புக் கொடியைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார். இன்னும் ரெண்டே நிமிஷம். இவள் ஏறலாம் என்று சொல்லிவிடக் கூடாதே என்று லிஃப்ட்காரர் கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டார். அவள் சொல்லவில்லை. கண்ணுக்குமேல் கையை வைத்து யாரையோ தேடிக்கொண்டிருந்தாள்.

விசில் ஊதியது.

அப்பாடா, படகு கிளம்பிவிட்டது! பெருமூச்சு விட்டார். ஆனால் படகு அசையவில்லை. விசில் மறுபடி ஊதியது. காது புரிந்துகொள்வதற்குள் அவர் முழங்கால்கள் புரிந்துகொண்டு விறைப்பாக நின்றுவிட்டன.

“மாப்ளே! தொப்பை அப்படியே இருக்கே!”

படகிலிருந்து பலகை வழியாக மச்சான் இறங்கி வந்தார். தோளில் பெட்டி, கழுத்தில் விசில்.

லிஃப்ட்காரர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார். “வா வா, ஏறு! இதான் கடைசிப் படகு!”

“ஆறு மணிக்குன்னு சொன்னீங்க?”

“பொய்ம்மா, பொய் சொல்லிட்டேன்! நாலரைதான்! முதல்ல ஏறு!”

“நேத்தே தெரியும். நீங்களா என்னை ஒரு இடத்துக்காவது கூப்பிட்டதுண்டா? அதான் நானும் துறைக்கு ஃபோன் பண்ணேன். ‘இப்பதாங்க ஒரு சார், கடைசிப் படகை விட்டுட்டா என்ன ஆகும்னு நாலு தடவை கேட்டாரு’ன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. சரி, தங்கத்தான் ஆசைப்படுறீங்கன்னு அந்தப் பொண்ணுகிட்டயே விடுதியில ரூமுக்குச் சொல்லிட்டேன். அண்ணனையும் முந்தின பஸ்ஸைப் பிடிச்சு நேரா இங்கேயே வரச் சொல்லிட்டேன்.”

“ஒரே ரூமா?”

“ஒண்ணுதான் காலியா இருந்துச்சு.”

அவர் தனியாகவாவது போய்விடலாம் என்று பலகையை நோக்கிப் பாய்ந்தார். மச்சானின் கை தோளில் விழுந்தது. “ஓடணும்னா காலைல ஓடலாம் மாப்ளே. இப்ப மூச்சை மட்டும் நல்லா இழுங்க.” அவர் மூச்சை இழுத்து விடுவதற்குள் படகு துறையை விட்டு விலகியது. பின்னாலேயே சிவப்புக் கொடி ஏறியது.

வீடாக இருந்தாலாவது நடுவில் ஒரு லிஃப்ட் கெட்டுப்போயிருக்கும், யாராவது ஃபோன் பண்ணியிருப்பார்கள், ஓடித் தப்பியிருக்கலாம். இங்கே அதற்கும் வழியில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மச்சான் குன்றைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “அந்தக் கலங்கரை விளக்கத்துல லிஃப்ட் இருக்கா மாப்ளே?”

“இல்ல மச்சான்.”

“ரொம்ப நல்லது. தினமும் காலைல ஏறி இறங்குவோம்.”

லிஃப்ட்காரர் கடைசி நம்பிக்கையோடு தன் காலைப் பார்த்துக்கொண்டார். “ஏறலாம்தான் மச்சான். ஆனா செருப்போட எப்படி? ஷூ வீட்லல்ல இருக்கு.”

மனைவி பையின் அடியில் கையை விட்டு அவருடைய கான்வாஸ் ஷூவை எடுத்து நீட்டினாள். காலையிலிருந்து அதையும் அவர்தான் சுமந்துகொண்டிருந்தார்.