பார்த்து எழுதிய கண் பரீட்சை

அன்று அந்த இருட்டறையில் இருந்தவர்கள்: கண் சோதிக்கிற மெஷினைப் போடுகிற பெண். திரைக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் காசி. இந்தப் பக்கம் நான். கதவோரம் முக்காலியில் என் மனைவி செல்வி. மூன்று பேர் சாட்சி இருக்கும்போது மறைக்க வழியில்லை. சொல்லிவிடுகிறேன். நாற்பத்தாறு வயதில் நான் காப்பி அடித்தேன். அதுவும் கண் ஆஸ்பத்திரியில்.

அண்ணனுக்கு டி. கல்லுப்பட்டியில் தையல் கடை. ஊசியில் நூலைச் சரியாகக் கோப்பான். பக்கத்தில் வைத்த டீயைத் தட்டிவிடுவான். கண்ணாடி மாற்றப் போனவனிடம் கிளாக்கோமா என்றார்கள். கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பைக் கெடுக்குமாம். பார்வை ஓரத்திலிருந்து போகும். வலிக்காது. போனது திரும்பாது. மிச்சத்தைத்தான் சொட்டு மருந்து காப்பாற்றும். குடும்பத்தில் வருமாம், கூடப் பிறந்தவர்களையும் காட்டச் சொன்னார்கள்.

கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன். விளாங்குடியில் வீடு. கப்பலூரில் ஒரு கம்பெனிக்கு லோடு வண்டி ஓட்டினேன். எட்டு மாதம் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. (லோடு இருக்கிறது என்றேன். லோடு இல்லாத நாளும் அதையே சொன்னேன்.) கண்ணில் கோளாறு என்றால் வண்டிச் சாவி போய்விடும். எனக்கு வேறு வேலை தெரியாது.

ஒரு நாள் கம்பெனி கேட்டின் இடதுபக்கத் தூணில் மோதி வண்டியின் பக்கக் கண்ணாடி உடைந்தது. பத்து வருடமாக அங்கேயே நிற்கிற தூண். தூண்மேல்தான் தப்பு என்று வீட்டில் சொன்னேன்.

"தூணு நகந்து வந்துச்சாக்கும்?" என்றாள் செல்வி. "நாளைக்குக் கெளம்புங்க. நானும் வாரேன்."

அண்ணனுக்கும் அன்றைக்கு மறு சோதனை. டாக்டரம்மா முதலில் என் கண்ணில் பிரஷர் பார்த்தார். கூட இருக்கிறது என்றார். செல்வி தூண் விஷயத்தையும் சொல்லிவிட்டாள்.

"வண்டிய எத்தனை தடவை இடிச்சிருப்பீங்க?"

"ரெண்டு," என்றேன்.

ஓரப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற பீல்டு டெஸ்ட்டுக்கு அனுப்பினார். கிண்ணம் மாதிரி ஒரு மெஷின். தாடையை அதில் வைத்து, நடுவில் உள்ள விளக்கையே பார்க்க வேண்டும். சுற்றி அங்கங்கே சின்ன வெளிச்சம் வந்து போகும். தெரிந்தால் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான்.

வலது கண்ணுக்கு நன்றாக அழுத்தினேன். இடது கண்ணுக்கு வந்ததும் நாலைந்து வெளிச்சத்தோடு நின்றுவிட்டது. காத்திருந்தேன். வரவில்லை. மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சாவி போச்சு என்று நினைத்தேன்.

அப்போது திரைக்கு அந்தப் பக்கம், டிக்.

அண்ணன் அழுத்துகிறான். இரண்டும் ஒரே மாதிரி மெஷின். அங்கே வெளிச்சம் வந்தால் இங்கேயும் வந்திருக்கும்தானே? (பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அண்ணன் ஒரு வருடம் பெயிலாகி என் பெஞ்சுக்கே வந்தவன். அவனைப் பார்த்துத்தான் பரீட்சை எழுதினேன். இருவரும் பெயில்.)

டிக் என்று நானும் அழுத்தினேன். அங்கே ஒரு டிக். இங்கே ஒரு டிக். கொஞ்ச நேரத்தில் தையல் மெஷின் வேகம் வந்துவிட்டது.

"நிறுத்துங்கண்ணே!" என்றது அந்தப் பெண். "வெளிச்சமே போடாதப்பல்லாம் அழுத்தியிருக்கீங்க." திரையை விலக்கி அந்தப் பக்கமும் பார்த்தது. "நீங்களுமா?"

அண்ணன் பேசினான். "பாதிக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியல தாயி. தம்பி அழுத்துற சத்தம் கேட்டுச்சு. அவனுக்கு நல்ல கண்ணு. தெரிஞ்சுதான் அழுத்துவான்னு நானும் அழுத்துனேன்."

"அடப்பாவி, நான் ஒன் சத்தத்தக் கேட்டுல்ல அழுத்துனேன்!"

கதவோரத்திலிருந்து செல்வி சொன்னாள்: "காப்பி அடிக்கிறதுன்னாலும் படிச்சவனப் பாத்து அடிக்கணும்ங்க."

அந்தப் பெண் சிரித்தது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டது. "அண்ணே, இது பாஸ், பெயில் இல்ல. எல்லா வெளிச்சமும் யாருக்குமே தெரியாது. பொய்யா அழுத்துனா எம்புட்டு போயிருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. அப்புறம் மருந்தும் தப்பாப் போகும். போறது ஒங்க கண்ணு."

அண்ணனை வெளியே உட்கார வைத்துவிட்டு எனக்கு மறுபடி போட்டது. இந்தத் தடவை தெரிந்ததற்கு மட்டும் அழுத்தினேன். அழுத்தாமல் சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. செல்வி முக்காலியில் அசையாமல் இருந்தாள். அவளும் என் டிக்குகளை எண்ணியிருப்பாள்.

ரிசல்ட் தாள் வந்தது. வலது கண் சுத்தம். இடது கண்ணில் ஓரம் கறுப்பு.

"வண்டி வேண்டாம்," என்றார் டாக்டரம்மா. "மருந்த ஒரு நாளும் விடாதீங்க. இருக்கிறதக் காப்பாத்திக்கலாம்."

மறுநாள் யாரும் கேட்குமுன் சாவியைக் கொடுத்தேன். கம்பெனியில் கேட் வேலை போட்டுக் கொடுத்தார்கள். பிள்ளைகளின் கண்ணையும் காட்டிவிட்டேன்.

இப்போது தினமும் மருந்து நேரத்துக்கு அண்ணன் போன் போடுவான். "விட்டாச்சாடா?" என்பான். "விட்டாச்சு. நீ?" என்பேன். அடுப்படியிலிருந்து செல்வி கத்துவாள்: "ஒருத்தரக் கேட்டு ஒருத்தர் விடாதீக! அவரவர் கண்ணுக்கு அவரவர் விடுங்க!" பிள்ளைகளும் சேர்ந்து டிக், டிக் என்பார்கள். பழகிவிட்டது.

கேட்டில் என் சேருக்கு நேர் எதிரே அந்த இடதுபக்கத் தூண். கம்பெனியில் நீல வண்டி நான் ஓட்டியது ஒன்றுதான். முதல் நாள் வேலை இல்லாத நேரத்தில் எழுந்து போய், தூணில் இருந்த நீலக் கீறல்களை விரலால் தொட்டு எண்ணினேன்.

பதினொன்று.