அக்கீமை முந்தாத சாம்பியன்

சாரிபுலாக் மாகாணத்தை ஆளும் அக்கீம் எர்காஸி அபெனோவிச்சுக்கு ரத்தத்தில் கொழுப்பு அதிகம் என்று டாக்டர் சொன்னார். ஆகவே மாகாணமே சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தது.

உத்தரவு எதுவும் பிறப்பிக்கப்படவில்லை. அக்கீம் ஒரு சைக்கிள் வாங்கினார், அவ்வளவுதான். மறுவாரம் துணை அக்கீம்கள் வாங்கினார்கள். நீர்வளத் துறைத் தலைவர் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் பந்தய உடையில் அலுவலகம் வந்தார். பெண் ஊழியர்கள் பணிப் பண்பாட்டைக் கருதிக் கூரையைப் பார்த்தபடி அவரோடு பேசினார்கள். ஓட்டத் தெரியாதவர்கள் சைக்கிளைக் கார் மேல் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள்.

அந்த ஊரில் நிஜமாகவே சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள் என்பது விளையாட்டுத் துறைக்குச் சற்றுத் தாமதமாகத்தான் நினைவுக்கு வந்தது. அவள் பெயர் ஷினார். உள்ளரங்கத் தடத்திலும் சாலையிலும் நாட்டின் சாம்பியன். அரங்கம் "தற்காலிகமாக" மூடப்பட்டுக் கல்யாண மண்டபமாக இயங்கி வந்ததால், அவள் நெடுஞ்சாலையில் லாரிப் புகையை விழுங்கிக்கொண்டு பயிற்சி செய்துகொண்டிருந்தாள்.

விளையாட்டுத் துறைத் தலைவர் குவாண்டிக் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"வாம்மா ஷினார். டீ குடி, பவுர்சாக் எடுத்துக்க. ஞாயித்துக்கிழமை நலவாழ்வுப் பந்தயம். அக்கீம் ஓட்டுறாரு, நீயும் ஓட்டுற. யார் ஜெயிக்கிறதுன்னு முடிவாயிடுச்சு."

"அப்புறம் நான் எதுக்கு, அண்ணே?"

"சாம்பியனைத் தோக்கடிச்சாத்தானே அது வெற்றி! தோக்கறதுக்கு உன்னை விட்டா எங்களுக்கு யாரும்மா இருக்கா?"

ஷினார் அந்தப் பொரித்த மாவுருண்டையைத் தட்டிலேயே வைத்தாள். "அரங்கத்தைத் திறந்து விடுவீங்களா? இலையுதிர் காலத்துல ஆசியப் போட்டி. என் வயசுக்கு இதான் கடைசி."

"அக்கீம் மனசு குளிர்ந்தா எந்தப் பூட்டும்மா திறக்காது? ரெண்டே விதி. யாரும் அவரை முந்தக் கூடாது. யாரும் காலை ஊனக் கூடாது. டிவியில நேரடியாக் காட்டுறாங்க. ஊனினா, மக்கள் நலவாழ்வுல களைச்சுப் போனதாத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை அக்கீம் முன்னே போனார். பின்னால் ஷினார். அவளுக்குப் பின்னால் அரசாங்கம்.

அணைக்கட்டு மேட்டில் அக்கீமுக்கு மூச்சு முட்டியது. ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

முந்தக் கூடாது. காலையும் ஊனக் கூடாது. நீர்வளத் துறை முதலில் சாய்ந்தது. அது கல்வித் துறை மேல் விழ, கல்வி கருவூலத்தின் மேல் விழ, குவாண்டிக் சைக்கிளோடு சாக்கடைக்குள் போனார். பேண்டு வாத்தியம் நிற்கவில்லை. அதை நிறுத்த ஆணையிடும் அதிகாரி அடியில் கிடந்தார்.

ஷினார் மட்டும் விழவில்லை. எதிராளி முதலில் பாயட்டும் என்று பெடலில் கால் வைத்தபடியே அசையாமல் நிற்பது தடப் பந்தயத்தில் ஒரு வித்தை. அந்த வித்தையால் பதக்கமே வாங்கியவள் அவள்.

சாலையோரத்திலிருந்து அவள் அணிக்காரி மோல்திர் கத்தினாள். "போயிடுக்கா! அந்தாளு இனிமே ஏறமாட்டாரு!"

தொடை எரிந்தது. போய்விடத்தான் கால் துடித்தது. அரங்கத்தை நினைத்துக்கொண்டு நின்றாள்.

அக்கீம் திரும்பிப் பார்த்தார். தரையெல்லாம் அரசாங்கம், நடுவில் ஒரு பெண்.

"நீ ஏம்மா விழல?"

"பழக்கம், ஐயா."

"முந்தவும் இல்லையே?"

"வேண்டாம்னு சொல்லியிருந்தாங்க."

அக்கீமின் கண் கலங்கியது. "முன்னாலயும் போகாம, கீழயும் விழாம, இருந்த இடத்துலயே இருக்கறது! இப்படி ஒரு அதிகாரியைத்தான் நான் ஆயுசு பூரா தேடிக்கிட்டிருந்தேன்."

திங்கட்கிழமை குவாண்டிக்கின் நாற்காலியில் ஷினார் உட்கார்ந்தாள்.

முதல் வேலையாகக் கல்யாணங்களை வெளியேற்றி அரங்கத்தைத் திறந்தாள். "இனி நம்ம ராஜ்ஜியம்!" என்று மோல்திர் கட்டிக்கொண்டாள், அப்படியே மச்சானுக்கு டிரைவர் வேலை ஒன்றும் கேட்டாள். ஷினார் கொடுக்கவில்லை. எல்லாம் நியாயமாக நடக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தாள்.

ஆசியச் சாலைப் பந்தயத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாளில் பெண்களை வரிசையாக நிறுத்திச் சொன்னாள்: "எனக்காக யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இது உத்தரவு."

"உத்தரவுப்படியே, ஷினார் மராத்தொவ்னா!" என்றார்கள் எல்லாரும், அப்பா பெயரையும் சேர்த்து மரியாதையாக. போன மாதம் வரை அக்கா.

கடைசித் திருப்பம். அந்தக் கோடை முழுக்க அவளைவிட வேகமாக ஓட்டிய மோல்திர், ஷினாரின் பின்சக்கரத்தை ஒட்டி வந்துகொண்டிருந்தாள். ஷினார் உயிரைக் கொடுத்து மிதித்தாள். அப்போது பின்னால் கிறீச்சென்று ஒரு சத்தம். பிரேக்.

எல்லைக் கோட்டைத் தாண்டியதும் கேட்டாள். "ஏண்டி பிரேக் போட்ட?"

"நானா? செயின் நழுவிடுச்சுங்க."

மற்ற பெண்களைப் பார்த்தாள். அவர்களுக்கும் நழுவியிருந்ததாம்.

ஆசியப் போட்டியில் ஷினார் எட்டாவதாக வந்தாள். அங்கே யாரும் அவளுக்குக் கீழே வேலை பார்க்கவில்லை.

ஊர் திரும்பியபோது விமான நிலையத்தில் பேண்டு முழங்கியது. மோல்திர் பூங்கொத்தை நீட்டினாள்.

"எட்டாவதுடி," என்றாள் ஷினார், மெதுவாக.

"முதல் ஏழு பேரும் வெளிநாட்டுக்காரங்க. அவங்களை எப்படிங்க கணக்குல சேக்க முடியும்?"

கூட்டம் கைதட்டியது. ஷினார் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பூங்கொத்தை வாங்கிக்கொண்டாள்.