ஹென்னிங் வீட்டு வாசல் வளைவு

மதியம் ஒரு மணிக்கு ஹென்னிங் சமையலறை ஸ்டூல் மேல் ஏறி நின்று, பறவை பார்க்கும் பைனாகுலரால் எதிர்வீட்டு வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்ஸ்டன் வீட்டு வேலியில் ஒரு கிளைகூடக் குறையவில்லை. பக்கத்து வீட்டிலும் குறையவில்லை. தெருக்கோடிவரை ஒவ்வொரு தேவதாரு மரமாகப் பார்த்துக்கொண்டு போனார். எல்லாம் முழுசாக, கொழுகொழுவென்று நின்றன.

நாளைக்கு அவருக்கும் லிஸ்பெத்துக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம்.

டென்மார்க்கின் தெற்கே உள்ள அந்தச் சின்னத் தீவில் இருபத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்த தம்பதியைத் தெருக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். முந்தின நாளே தேவதாருக் கிளைகளை வெட்டி, மரச்சட்டத்தில் கட்டி, தம்பதியின் வாசல் கதவைச் சுற்றி வளைவு வைப்பார்கள். உச்சியில் வெள்ளி நிறத்தில் 25 என்று தொங்கும். மறுநாள் காலை ஏழு மணிக்கு எல்லோரும் வாசலில் நின்று பாடுவார்கள். தம்பதி தூங்கி எழுந்த கோலத்தில் கதவைத் திறந்து, "ஐயோ, இதென்ன!" என்று திகைத்துவிட்டு, அத்தனை பேருக்கும் காபியும் பன்னும் கொடுக்க வேண்டும்.

தம்பதிக்கு விஷயம் தெரிந்திருக்கும். தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளக் கூடாது. அதுதான் முறை. ஆகவே, "எனக்கு வளைவு உண்டா இல்லையா?" என்று மட்டும் அந்தத் தீவில் யாரும் யாரிடமும் கேட்க முடியாது.

கார்ஸ்டன் வீட்டு வெள்ளிவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பே தெருவில் குசுகுசுப்பு தொடங்கியிருந்தது. வளைவின் அளவை எடுத்தவரே ஹென்னிங்தான். தீவுக்கும் கரைக்கும் ஓடும் ஃபெர்ரிப் படகின் அலுவலகத்தில் நேர அட்டவணை போடும் வேலை அவருக்கு. பத்தொன்பது வருடத்தில் அவர் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிஷம்கூடப் பிந்தி ஃபெர்ரி கிளம்பியதில்லை என்பதால், அளவு என்றால் தெருவில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தெருவுக்குப் பொதுவான மரச்சட்டம்கூட அவர் கொட்டகையில்தான் இருந்தது. போன கோடையில் நார்வேக்கு மீன்பிடிக்கப் போய்விட்டு வந்தபோது அதைக் காணோம். பழுது பார்ப்பதற்காக எடுத்துப் போனதாகக் கார்ஸ்டன் சொன்னான். வாசல்படி முழுக்கத் தேவதாருவின் ஊசி இலைகள் கிடந்தன. கார்ஸ்டனின் நாயைத் திட்டிக்கொண்டே ஹென்னிங் பெருக்கித் தள்ளினார்.

ஒருவேளை கணக்கில்தான் பிசகோ என்று ஆல்பத்தை எடுத்துப் பார்த்தார். நிலவறையில் தண்ணீர் புகுந்த வருடம் கல்யாண ஆல்பம் கூழாகிவிட்டது. மிஞ்சியது தேனிலவு ஆல்பம். முதல் பக்கத்தில் இருவரும் காற்றில் தலை கலைந்து மணல்மேட்டில் நிற்கிறார்கள். கீழே லிஸ்பெத்தின் கையெழுத்தில் 'ஸ்காகன், 1999'. இரண்டாயிரத்து இருபத்து நாலிலிருந்து கழித்துப் பார்த்தார். இருபத்தைந்து. மோதிரத்தின் உள்பக்கமும் தேதி பொறித்திருந்தது. ஆனால் அது விரலில் இறுகி, கழற்ற வராமல் பத்து வருடமாகிறது.

தனக்காக அவர் கவலைப்படவில்லை. லிஸ்பெத் இந்தத் தெருவில் ஐந்து வாசல்களில் நின்று அடுத்தவர்களுக்காகப் பாடியிருக்கிறாள். மழையில்கூடப் பாடினாள். நாளைக் காலை ஏழு மணிக்கு அவள் கதவைத் திறந்து, வாசலில் குப்பைத்தொட்டி மட்டும் நின்றால்? அந்த முகத்தை அவரால் பார்க்க முடியாது.

ஜாடையாகச் சொல்லிப் பார்ப்போம் என்று எதிர்வீட்டுக்குப் போனார். கார்ஸ்டன் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் காலைல நாங்க வீட்லதான் இருப்போம்" என்றார் ஹென்னிங்.

"நல்லது."

"ஏழு மணி வரைக்கும் நல்லாத் தூங்குவோம். சத்தம் கேட்டாத்தான் முழிப்போம்."

கார்ஸ்டன் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். "ஏம்ப்பா, நாளைக்கு என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லையே. என்ன விசேஷம் இருக்கப்போகுது?"

கார்ஸ்டன் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு இருமியபடி வீட்டுக்குள் போனான். ஹென்னிங் தெருவைக் கடப்பதற்குள் நாலைந்து வீடுகளில் ஜன்னல் திரைகள் அசைந்தன. ஆகமொத்தம், எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. அவர் மேல் என்ன கோபமோ. போன வருடத்திலிருந்தே அவர் கிட்டே போனால் பேச்சு நிற்கிறது, சிரிப்பை அடக்குகிறார்கள். இப்போது எல்லாம் விளங்கிவிட்டது.

யாரும் கட்டாவிட்டால் என்ன, நானே கட்டுகிறேன் என்று தீர்மானித்தார்.

மரச்சட்டம் கார்ஸ்டனிடம் இருந்ததால், முகாமுக்கு எடுத்துப் போகும் கூடாரத்தின் கம்பிகளை எடுத்துக்கொண்டார். தேவதாருக் கிளைக்கு வழி? தன் வீட்டு வேலியிலேயே கைவைத்தார். லிஸ்பெத் கன்று வாங்கி நட்டு வளர்த்த வேலி. பின்பக்கத்தில் நாலு கிளை மட்டும் என்றுதான் ஆரம்பித்தார். வளைவுக்கு எவ்வளவு கிளை தேவைப்படும் என்று அளவெடுத்தவருக்குத் தெரியாதா? நாலு மணிக்கு லிஸ்பெத் வேலையிலிருந்து வந்தபோது, வேலியின் பாதி மொட்டையாக நின்றது. கிளைகள் கொட்டகைக்குள் போய்விட்டன. ஹென்னிங்கின் தலைமுடியில் மட்டும் கொஞ்சம் பாக்கி.

"வேலிக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"பூச்சி."

"காலைல வரைக்கும் இல்லாத பூச்சியா?"

"வேகமான பூச்சி."

லிஸ்பெத் அவர் தலையிலிருந்து ஒரு ஊசி இலையை எடுத்துப் பார்த்தாள். நேராக எதிர்வீட்டுக்குப் போனாள். ஐந்து நிமிஷத்தில் கார்ஸ்டன் முதுகில் மருந்துத் தொட்டியோடு வந்து நின்றான். வேலி முழுக்க அடித்துவிட்டு, பூச்சி கொட்டகைக்குள்ளும் முட்டையிட்டிருக்கும் என்று அங்கேயும் அடித்தான். ஹென்னிங் தடுத்துப் பார்த்தார். முட்டை விஷயத்தில் அலட்சியம் கூடாது என்று சொல்லிவிட்டான். கிளைகள் எல்லாம் மருந்தில் குளித்து, பழைய காலுறைபோல் நாறின.

அடுத்து, பாட ஆள் வேண்டும். ஃபெர்ரியின் இயந்திர அறையில் வேலை பார்க்கும் ஊஃபெயிடம் டிராம்போன் என்ற பித்தளை ஊதுகுழல் ஒன்று இருப்பது ஹென்னிங்குக்குத் தெரியும். போன் போட்டார்.

"உன் தெருக்காரங்க பாடமாட்டாங்களா?" என்று கேட்டான் ஊஃபெ.

"அவங்களுக்குத் தொண்டை சரியில்ல."

"எல்லாருக்குமா?"

"தெருவே அப்படித்தான்."

ஊஃபெ ஒப்புக்கொண்டான், இன்னும் மூன்று பேரைக் கூட்டி வருவதாகவும் சொன்னான். ஆனால் சிக்கல் இருந்தது. ஃபெர்ரி ஏழு பதினைந்துக்குக் கிளம்பும். ஏழு மணிக்கு இங்கே பாடினால் அங்கே ஃபெர்ரியை யார் ஓட்டுவது? ஹென்னிங் கண்ணை மூடிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், மறுநாள் அட்டவணையில் ஏழு பதினைந்தை அடித்து ஏழு நாற்பத்தைந்து என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'பூச்சி' என்று கை தானாக எழுதிவிட்டது. அடித்துவிட்டு 'பராமரிப்பு' என்று எழுதினார்.

திரும்பும் வழியில் பேக்கரிக்குப் போனார். பேக்கரி டோர்த்தாவுக்கும் அதே தெருவில்தான் வீடு. மறுநாள் காலை ஆறரைக்கு முப்பது பன் வேண்டும் என்றார். ஆறு பேருக்கு முப்பது அதிகம்தான். ஆனால் வெள்ளிவிழாவுக்குக் குறைவாக வாங்க மனம் வரவில்லை.

"ரெண்டு பேருக்கு முப்பதா?" என்றாள் டோர்த்தா.

"நல்ல பசி."

"நாப்பதா வாங்கிக்கோங்க. போன தடவை முப்பது பத்தல" என்றவள் சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள்.

கார்ஸ்டன் வீட்டு விருந்தைச் சொல்கிறாள் என்று ஹென்னிங் நினைத்தார். மற்றவர்களுக்கென்றால் பன்கூடப் போதாமல் போகிறது. நாற்பதே சொல்லிவிட்டு வெளியே வந்தார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டோர்த்தா போனை எடுத்துவிட்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் லிஸ்பெத் சொன்னாள். "இன்னிக்குச் சீக்கிரம் படுத்துக்கோ. உனக்கு நாளைக்கு வேலை இருக்கு."

"நாளைக்கு என்ன?" என்றார்.

"புதன்கிழமை. குப்பை வண்டி வர்ற நாள்."

பாவம், இவளுக்கே மறந்துவிட்டது என்று நினைத்தார். அதுவும் நல்லதுதான், யாரும் வரவில்லை என்று ஏமாறமாட்டாள். ஆனால் மறந்தவளைப்போல அவள் பாத்திரம் கழுவவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரே தட்டை நாலு தரம் கழுவினாள்.

ஜூன் மாதத்தில் நாலு மணிக்கே பளிச்சென்று விடிந்துவிடும். ஹென்னிங் மெதுவாகக் கட்டிலைவிட்டு இறங்கினார்.

"எங்க போற?" என்றாள் லிஸ்பெத், கண்ணைத் திறக்காமல்.

"குப்பைத்தொட்டிய வெளிய வைக்க."

"நாலு மணிக்கா?"

"இப்பன்னா கூட்டம் இருக்காது."

"சரி" என்று போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். போர்வை குலுங்கியது. குளிர்கிறது போலும் என்று ஹென்னிங் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார்.

கூடாரக் கம்பி கூடாரத்துக்குத்தான் வளையும், கதவுக்கு வளையவில்லை. ஒரு பக்கம் நிறுத்தினால் மறுபக்கம் சாய்ந்தது. கடைசியில் ஒரு பக்கத்தைக் குப்பைத்தொட்டியோடு கட்டினார். கேக் சுற்றும் அலுமினியத் தாளில் 2 நன்றாக வந்தது. 5 வயிறு பெருத்துப்போய் 6 மாதிரி இருந்தது, கசக்கி நிமிர்த்தினார். ஆறரைக்கு டோர்த்தாவின் ஆள் பன் கூடையை வைத்துவிட்டு, வளைவைப் பார்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு போனான்.

ஆறே முக்காலுக்கு ஊஃபெயும் மூன்று பேரும் ஆரஞ்சு நிறச் சட்டைகளில் வந்து நின்றார்கள். அப்போதுதான் ஊஃபெ ஒரு விஷயத்தைச் சொன்னான். அவன் வாசிப்பது சாவு ஊர்வலத்தில். வேகமாக வாசித்துப் பழக்கமில்லை.

"உனக்கு முடிஞ்ச வேகத்துல வாசி" என்றார் ஹென்னிங்.

ஏழு அடித்ததும் டிராம்போன் தொடங்கியது. கல்யாண வாழ்த்து, சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல் ஒவ்வொரு அடியாக நகர்ந்தது. ஆரஞ்சுச் சட்டைகள் குனிந்த தலையோடு பாடின. இரண்டாவது வரியில் குப்பை வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் இறங்கி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். பிறகு தன் வேலையைப் பார்க்கக் குப்பைத்தொட்டியை இழுத்தார். வளைவு முழுக்க அதன்கூடவே கிளம்பியது.

ஹென்னிங் பாய்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்ட அதே நேரம் கதவு திறந்தது.

லிஸ்பெத் தூங்கி எழுந்த கோலத்தில் இல்லை. நீலப் பட்டு கவுன் போட்டுத் தலைவாரியிருந்தாள். அவளுக்குப் பின்னால் காபி மணத்தது. மேசையில் இருபது கோப்பைகள். ஹென்னிங்குக்கு அப்போதுதான் உறைத்தது: அவர் உள்ளே நின்று அவளோடு சேர்ந்து திகைக்க வேண்டிய ஆள். இப்போது தூங்கப் போட்ட கசங்கிய கால்சராயில், தலையில் தேவதாரு ஊசியோடு, குப்பைத்தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிறார்.

"நீயா கட்டின?" என்றாள்.

"தெருக்காரங்களுக்குத் தொண்டை..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "யாரும் வரலேன்னா நீ வருத்தப்படுவியேன்னு."

லிஸ்பெத் தலைக்கு மேல் ஆடிய அலுமினிய 25-ஐ வெகுநேரம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருந்து வாடையால் இருக்கலாம். பிறகு வாசல்படி இறங்கி வந்து, குப்பைத்தொட்டியோடு சேர்த்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

அதற்காகவே காத்திருந்ததுபோல் தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எல்லோரும் நல்ல உடையில் வந்தார்கள். முதலில் கார்ஸ்டன். பெருமூச்சு விட்டுக்கொண்டே ஒரு ஸ்நாப்ஸ் மது பாட்டிலை லிஸ்பெத்தின் காலடியில் வைத்தான். அடுத்த வீட்டுக்காரர் ஒரு பாட்டில் வைத்தார். அதற்கடுத்தவரும் வைத்தார். ஒன்பது பாட்டில்கள் வரிசையாகச் சேர்ந்துவிட்டன. ஒவ்வொருவரும் ஹென்னிங்கின் தோளைத் தட்டிவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே காபிக்கு உள்ளே போனார்கள்.

மனம் மாறி வந்துவிட்டார்கள் என்று ஹென்னிங் நெகிழ்ந்துபோனார். ஆனாலும் ஒரு சின்னக் குறை. கடைசியாகப் பத்தாவது பாட்டிலோடு வந்த டோர்த்தாவிடம் கேட்டுவிட்டார். "பரிசெல்லாம் லிஸ்பெத்துக்கு மட்டும்தானா? கல்யாணம் நானும்தானே பண்ணிக்கிட்டேன்?"

"பரிசு இல்ல ஹென்னிங், பந்தயத்துல தோத்தது" என்று பாட்டிலை வரிசையில் வைத்தாள் டோர்த்தா. "உங்க இருபத்தஞ்சுக்குப் போன வருஷமே இதே வாசல்ல பாடிட்டோம், நீங்க நார்வேல மீன் பிடிச்சிட்டிருந்தீங்க, உங்களுக்கு எப்ப ஞாபகம் வரும்னு பந்தயம் கட்டினப்ப நாங்க அஞ்சு வருஷம், பத்து வருஷம், வரவே வராதுன்னெல்லாம் சொன்னோம், 'தேனிலவுக்கே ஒரு வருஷம் பிந்தித்தான் கூட்டிட்டுப் போனாரு, இதுக்கும் சரியா ஒரு வருஷத்துல வந்துடுவாரு'ன்னு சொன்னது லிஸ்பெத் ஒருத்திதான்."